சட்டம் முதலில் தேதியைக் கேட்கும்

'இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது எதற்கு?'

சிறுவயதில் தனக்கு நடந்த பாலியல் கொடுமையை முப்பது, நாற்பது வயதில் வாய்திறந்து சொல்பவர்கள் பெரும்பாலும் எதிர்கொள்ளும் முதல் கேள்வி இது. கேட்பது அம்மாவாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், காவல் நிலையத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவராகவும் இருக்கலாம். சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறது, குத்தல் இல்லாமல். நடந்தது எந்த வருடம்? அன்றைக்கு உங்களுக்கு என்ன வயது? அவருக்கு என்ன வயது? சரியாக என்ன செய்தார்? இந்த நாலு கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகுதான், எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது சாத்தப்பட்டுவிட்டது என்று சொல்ல முடியும்.

'போக்சோவில் காலவரம்பே கிடையாது, எத்தனை வருடம் ஆனாலும் புகார் கொடுக்கலாம்' என்று, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான அந்தச் சட்டத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு வரி சுற்றுகிறது. பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் காவல் நிலையப் படியேறி ஏமாந்து திரும்புபவர்கள் இருக்கிறார்கள். வழி இருந்தும், 'எல்லாம் காலம் கடந்த கதை' என்று நம்பி வீட்டோடு இருந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். நான் கவலைப்படுவது இரண்டாவது வகையினரைப் பற்றித்தான்.

தாமதம் ஏன் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. ஏதாவது ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 53.22 சதவீதம் பேர் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். சித்தப்பா, மாமா, டியூஷன் சார், பக்கத்து வீட்டு அண்ணன். ஒன்பது வயதுக் குழந்தை யாரிடம் போய்ச் சொல்லும்? சொன்னால்தான் என்ன நடந்திருக்கும்?

2012 நவம்பர் 14

இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போக்சோ என்று நாம் சொல்லும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. குழந்தைகள் தினத்தைப் பார்த்து வைத்தார்கள்.

அரசியல் சாசனத்தின் 20(1)-வது பிரிவு, ஒரு செயல் நடந்தபோது அது எந்தச் சட்டத்தின்கீழ் குற்றமோ அந்தச் சட்டப்படிதான் தண்டிக்க முடியும் என்கிறது. பிறகு வந்த சட்டத்தைப் பின்னோக்கி இழுக்க முடியாது. ஆகவே 2012 நவம்பர் 14-க்கு முன்னால் நடந்த எதற்கும் போக்சோ பொருந்தாது. அவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது உண்மைதான். ஆனால் பழைய குற்றங்களுக்குப் பழைய சட்டமே தொடரும். காவல் நிலையத்தில் 'அந்தச் சட்டமே இப்போது இல்லையே' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பழைய சட்டம் குழந்தைகளை மனதில் வைத்து எழுதப்பட்டதே அல்ல. 2013 பிப்ரவரி வரை பாலியல் வல்லுறவு என்பதற்கு மிகக் குறுகிய ஒரே அர்த்தம்தான்: ஆண் ஒருவன் ஒரு பெண்ணுடன் கொள்ளும் கட்டாய உடலுறவு. விரலாலோ பொருளாலோ செய்தது அதற்குள் வராது. அந்த வரையறையை விரிவாக்கிப் படிக்கச் சொல்லித் தொடுக்கப்பட்ட வழக்கில், அது நாடாளுமன்றத்தின் வேலை என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்றதெல்லாம் 354-வது பிரிவுக்குப் போகும். 'பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவித்தல்' என்று அதற்குப் பெயர். அதற்கு அன்றைய அதிகபட்ச தண்டனை இரண்டு ஆண்டுகள்.

இங்கேதான் காலவரம்பு குறுக்கே வருகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468-வது பிரிவு (அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 514) போடும் கணக்கு இது: ஓர் ஆண்டு வரை சிறை என்றால், ஓர் ஆண்டுக்குள் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். மூன்று ஆண்டு வரை சிறை என்றால், மூன்று ஆண்டுகளுக்குள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றம் என்றால் காலவரம்பே இல்லை. பாதிக்கப்பட்டவர் குழந்தையா, பெரியவரா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை.

இதை ஓர் உதாரணத்தில் போட்டுப் பார்க்கலாம். 1987-ல் பிறந்த ஒரு பெண். 1996 கோடை விடுமுறையில், ஒன்பது வயதில், உறவினர் ஒருவர் அவளைத் தொடக் கூடாத விதத்தில் தொட்டார். 354-வது பிரிவு, இரண்டு ஆண்டு, ஆகவே மூன்று ஆண்டு காலவரம்பு. 1999 கோடையில் அது முடிந்துவிட்டது. அவளுக்கு அப்போது 12 வயது. தனக்கு நடந்ததற்கு என்ன பெயர் என்று தெரிவதற்கு முன்பே சட்டம் கதவைச் சாத்திவிட்டது. சரி, அதே 1996-ல் நடந்தது வல்லுறவு என்றால்? 376-வது பிரிவு, ஆயுள் தண்டனை வரை போகும் குற்றம். காலவரம்பு இல்லை. இன்றைக்குப் போனாலும் புகாரைப் பதிய வேண்டும். அப்போது அவளுக்கு வயது 16-க்குக் கீழே என்பதால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆண் குழந்தைகளின் நிலை இன்னும் மோசம். 2012-க்கு முன்னால் ஒரு சிறுவனுக்கு நடந்ததை வல்லுறவு என்று அழைக்கச் சட்டத்தில் சொல்லே இல்லை. இருந்தது 377-வது பிரிவு ஒன்றுதான். ஒருபாலினத்தவரைத் துன்புறுத்தப் பயன்பட்ட அதே பிரிவு, சிறுவர்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பாகவும் இருந்தது என்பது விநோதமான முரண். 2018-ல் உச்ச நீதிமன்றம் வயது வந்தவர்களின் சம்மதத்தோடு நடப்பதை மட்டும்தான் அதிலிருந்து விலக்கியது. குழந்தைகளுக்கு எதிரான பழைய குற்றங்களுக்கு அது இன்னும் செல்லும், காலவரம்பும் இல்லை. ஆனால் 377-க்கு உடலுக்குள் நுழைதல் நடந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது எதுவாக இருந்தாலும், 354 பெண்களுக்கு மட்டும் என்பதால், அந்தச் சிறுவனுக்கு மிஞ்சுவது சாதாரணத் தாக்குதல் போன்ற சின்னப் பிரிவுகள். அவை எப்போதோ காலாவதியாகியிருக்கும்.

ஆனாலும் ஒரு வழக்கறிஞர் பொறுமையாகக் கேட்டால் சில வழிகள் கிடைக்கும். 'வெளியே சொன்னால் கொன்றுவிடுவேன்' என்று மிரட்டினாரா? கொலை மிரட்டலுக்கு 506-வது பிரிவின் இரண்டாம் பகுதியில் ஏழு ஆண்டு வரை சிறை, ஆகவே காலவரம்பு இல்லை. படம் எடுத்தாரா? குழந்தைகளின் பாலியல் படங்களுக்கான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு 2009 அக்டோபரிலிருந்து இருக்கிறது. முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. காலவரம்பு முடிந்த குற்றங்களிலும், நீதியின் நலனுக்குத் தேவை என்று கருதினால் நீதிமன்றம் தாமதத்தை மன்னித்து வழக்கை ஏற்கலாம் என்று 473-வது பிரிவு (இப்போது 519) சொல்கிறது. அதை நம்பி இறங்கலாமா என்றால், எளிதாகக் கிடைக்கும் சலுகை அல்ல. ஆனால் கேட்டுப் பார்க்க உரிமை உண்டு.

அந்தத் தேதிக்குப் பிறகு என்றால்

2013-ல் பத்து வயதாக இருந்தவர்கள் இப்போது இருபதைத் தாண்டிவிட்டார்கள். 'சிறுவயதில் பாதிக்கப்பட்ட பெரியவர்கள்' என்ற வரிசையில் போக்சோ முழுதாகப் பொருந்தும் முதல் தலைமுறை இவர்கள். குற்றம் நடந்தபோது 18 வயது நிரம்பவில்லை என்றால் போதும். புகார் கொடுக்கும்போது என்ன வயது என்பது முக்கியமில்லை. ஆணா, பெண்ணா என்ற வேறுபாடும் இல்லை.

2018 அக்டோபரில் மத்திய சட்ட அமைச்சகம், போக்சோ குற்றங்களைப் புகார் செய்யக் காலவரம்பு எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை என்று தெளிவுபடுத்தியது. சிறுவயதில் பாதிக்கப்பட்டுப் பெரியவரான ஒருவர் எழுப்பிய கோரிக்கைதான் அந்த விளக்கத்துக்குப் பின்னால் இருந்தது. வாட்ஸ்அப் வரியின் மூலமும் இதுதான். இதில் ஒரு சின்ன எச்சரிக்கை. போக்சோவில் பெரும்பாலான குற்றங்களுக்குத் தண்டனை மூன்று ஆண்டுகளைத் தாண்டும். ஆனால் தொடாமல் செய்யும் பாலியல் துன்புறுத்தலுக்கு, அதாவது ஆபாசப் படம் காட்டுவது, ஆபாசமாகப் பேசுவது, விடாமல் பின்தொடர்வது போன்றவற்றுக்கு, 12-வது பிரிவில் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். கறாராகக் கணக்குப் போட்டால் 468-ன் வரம்பு அதற்கு வந்துவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டாயம் அந்தக் கணக்கைப் போடுவார்.

தண்டனையும் தேதியைப் பொறுத்ததே. 2019 திருத்தம் குறைந்தபட்ச தண்டனைகளைப் பெரிதாகக் கூட்டியது. 16 வயதுக்குக் கீழான குழந்தையிடம் உடலுக்குள் நுழையும் வன்கொடுமை என்றால் இப்போது குறைந்தது 20 ஆண்டு. 2015-ல் நடந்த குற்றத்துக்கு இது பொருந்தாது. அப்போதைய குறைந்தபட்சமான ஏழு ஆண்டிலிருந்துதான் கணக்கு தொடங்கும். உறவினரோ ஆசிரியரோ செய்தது என்றால் தீவிரமான குற்றம் என்ற வகையில் அன்றைக்கே பத்து ஆண்டு.

செய்தவரின் வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்பத்துக்குள் நடப்பவற்றில் செய்தவன் பதினைந்து வயது அத்தை மகனாகவோ பெரியப்பா மகனாகவோ இருப்பது அபூர்வமல்ல. இன்று அவருக்கு நாற்பது வயது இருக்கலாம், இரண்டு பிள்ளைகள் இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அந்தக் குற்றத்தைப் பொறுத்தவரை அவர் சிறுவன்தான். வழக்கு சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும், சிறைத் தண்டனை கிடைக்காது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, 'ஒப்புக்கொண்டால் போதும்' என்று மனம் மாறுபவர்களும் உண்டு, 'ஆனாலும் பதிவாகட்டும்' என்று போகிறவர்களும் உண்டு.

காவல் நிலையத்தில்

எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். சம்பவம் மதுரையில் நடந்து நீங்கள் பெங்களூரில் இருந்தால், அங்கேயே எல்லை பாராமல் முதல் தகவல் அறிக்கை போட்டு மதுரைக்கு அனுப்ப வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர் என்பது இதைத்தான். புதிய நடைமுறைச் சட்டப்படி மின்னணு வழியிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். பெண்ணின் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போவது வழக்கம்.

அங்கே கையில் ஒரு சி.எஸ்.ஆர் ரசீதைக் கொடுத்து 'விசாரிக்கிறோம்மா, போய் வாங்க' என்று அனுப்பினால், அது முதல் தகவல் அறிக்கை அல்ல என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். புகார் வந்ததற்கான ரசீது மட்டுமே அது. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில், மூன்று மாதத்துக்கு மேல் தாமதமான புகார்களில் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று ஒரு விலக்கும் இருக்கிறது. இருபது வருடப் பழைய புகார்களுக்கு அதைத்தான் காட்டுவார்கள். அந்த விசாரணை வாரக்கணக்கில் முடிய வேண்டியது. மாதக்கணக்கில் இழுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அப்புறம் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

சாட்சிக்கு எங்கே போவது? மருத்துவப் பரிசோதனையால் இத்தனை ஆண்டு கழித்து எந்தப் பயனும் இல்லை. தாமதத்தைப் பொறுத்தவரை நீதிமன்றங்களின் போக்கு ஓரளவு ஆறுதலானது. பாலியல் குற்றங்களில் குடும்ப மானம், பயம் இவற்றால் புகார் தாமதமாவது இயல்பு என்றும், பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்றும் 1996-ல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாமதத்துக்குக் காரணம் சொன்னால் போதும்; தாமதம் என்பதற்காகவே வழக்கைத் தூக்கி எறியக் கூடாது.

நடைமுறையில் என்ன உதவும் என்றால், அந்தக் காலத்தின் சின்னச் சின்னத் தடயங்கள்தான். பள்ளித் தோழிக்கு எழுதிய கடிதம், நாட்குறிப்பு, திடீரென்று பள்ளி மாறிய சான்றிதழ், கல்லூரிக் காலத்தில் மனநல மருத்துவர் எழுதிய குறிப்பு, 'அன்றைக்கே என்னிடம் சொன்னாள்' என்று சொல்லக்கூடிய ஒரு தங்கை. செய்தவரே பின்னாளில் 'பழசை மறந்துவிடு' என்று அனுப்பிய செய்தி இருந்தால் அது பெரிய பலம். அந்த போனை மாற்றாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். இன்னொன்று: இப்படிச் செய்தவர்கள் ஒரு குழந்தையோடு நிறுத்திக்கொள்வது அரிது. இன்னொருவரும் முன்வந்தால் வழக்கின் எடையே மாறிவிடும். 2021 மே மாதம் சென்னையின் பெயர்பெற்ற பள்ளி ஒன்றின் ஆசிரியர் கைதானது அப்படித்தான். முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் ஒருவர் பின் ஒருவராக எழுத ஆரம்பித்தார்கள்; அடுத்தடுத்து மற்றப் பள்ளிகளைப் பற்றியும் புகார்கள் வந்தன.

குறுக்கு விசாரணை கடுமையாகத்தான் இருக்கும், அதை மறைத்துப் பயனில்லை. விசாரணை மூடிய நீதிமன்றத்தில் நடக்கும். உங்கள் பெயரை வெளியிடுவது குற்றம். நீங்களாக எழுதிக் கொடுத்தால் மட்டுமே வெளியிடலாம். பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆண்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது.

வழக்கு போடாமலும் சில வழிகள்

எல்லோருக்கும் அவரைச் சிறையில் பார்க்க வேண்டும் என்றில்லை. 'அந்த ஆள் என் வீட்டு வாசலுக்கு வரக் கூடாது' என்பது மட்டுமே சிலருடைய தேவை. பெண்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு, பலருக்குத் தெரியாத வழி. 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் மனைவி சண்டைக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே வீட்டில் எப்போதாவது சேர்ந்து வாழ்ந்த ரத்த உறவினருக்கும் அது பொருந்தும், பாலியல் கொடுமையும் அதில் அடக்கம். அணுகக் கூடாது, தொடர்புகொள்ளக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். இந்த மனுவுக்கு 468-ன் காலவரம்பு பொருந்தாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இழப்பீடு என்று பார்த்தால், சிவில் வழக்குக்குக் கதவு சீக்கிரமே மூடிவிடும். மைனருக்கு 18 வயது நிரம்பியபின் மூன்று ஆண்டு, அதாவது பெரும்பாலும் 21 வயதோடு சரி. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2019-ல் இந்த வயதை 55 ஆக்கியது. ஏற்கனவே காலம் கடந்தவர்களுக்கும் இரண்டு ஆண்டு கதவைத் திறந்துவைத்தது. 10,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் வந்தன. ஆஸ்திரேலியாவில் ஐந்து ஆண்டு விசாரித்த அரச ஆணையத்துக்குப் பிறகு, நிறுவனங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒன்றரை லட்சம் டாலர் வரை தரும் திட்டம் 2018-ல் வந்தது. இந்தியாவில் அப்படி ஒன்று வரும் அறிகுறியைக் காணோம்.

இங்கே இருப்பது அரசின் இழப்பீடு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்க வேண்டும். 2018-ன் தேசியத் திட்டப்படி வல்லுறவுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய், மைனர் என்றால் 50 சதவீதம் கூடுதல். குற்றம் நடந்த நாளிலிருந்தோ வழக்கு முடிந்த நாளிலிருந்தோ மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும். தாமதத்தை மன்னிக்கவும் இடமுண்டு.

வெளிப்படையாகப் பெயரைச் சொல்லி எழுதுவது இன்னொரு வழி. ஆபத்து அவதூறு வழக்கு. உண்மையை, பொது நன்மைக்காகச் சொன்னால் அவதூறு ஆகாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதை நிரூபிக்கும் சுமை சொன்னவர் தலையில். 2021 பிப்ரவரியில் பத்திரிகையாளர் பிரியா ரமணியை அப்படியொரு அவதூறு வழக்கிலிருந்து விடுவித்த டெல்லி நீதிமன்றம், ஒரு பெண் பல பத்தாண்டுகள் கழித்தும் தான் விரும்பும் மேடையில் தன் குறையைச் சொல்லலாம் என்றது. பணியிடத் தொல்லை பற்றிய வழக்கு அது என்றாலும், தாமதத்தைப் பற்றி அது சொன்னதைச் சிறுவயதில் பாதிக்கப்பட்டவர்களும் எடுத்துக்காட்டலாம்.

இலங்கையில் வளர்ந்தவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே கொலை, தேசத்துரோகம் தவிர மற்றக் குற்றங்களுக்கு, தனியாக வேறு விதி இல்லாவிட்டால், 20 ஆண்டு என்ற பொது வரம்பு இருக்கிறது. பத்து வயதில் நடந்ததற்கு முப்பது வயது கடைசி எல்லை. கனடாவிலோ லண்டனிலோ குடியேறிவிட்டவர்கள் குழம்புவது இங்கேதான். பொதுவாக, குற்றம் எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டுச் சட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், இப்போது வாழும் நாட்டுச் சட்டத்திலிருந்து அல்ல.

இத்தனை வருடம் பேசாதவர்கள் திடீரென்று பேசுவதற்குப் பல சமயம் பழிவாங்கும் எண்ணம் காரணமாக இருப்பதில்லை. அக்கா மகளை அதே மாமா மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுவதை ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருப்பார்கள். 1996-ல் தனக்கு நடந்ததற்குப் போக்சோ உதவாது. ஆனால் அந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே யாராக இருந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழந்தைக்காக 1098-ஐ அழைக்கும்போது, 'இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை' என்ற கேள்வி குறுக்கே வராது.